மூன்று மில்லி செக்கனுக்குள் ஒரு சிகரட்டைப் பார்ப்பது எப்படி?

ஒலுவிலில் பொறியியல் படிக்கிற என் மருமகன் லீவில் வந்திருந்தபோது சோற்றில் கை வைத்தபடியே ஒரு கேள்வி கேட்டான். “மாமா, சிகரட் செய்யிற மெசின் நிமிசத்துக்குப் பத்தாயிரம், இருபதாயிரம் எண்டு சுத்துமாம். அதில ஒவ்வொண்டையும் கமரா பார்த்து, பழுதை மட்டும் கழிச்சுப்போடுமாம். நம்புற மாதிரியா இருக்கு?”

நம்பலாம். இவ்வளவுக்கும் அவன் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்த விசயம்தான் அது, சிகரட்டில் அல்ல, அரிசியில். நான் சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கத்து மில்களில் கலர் சோர்ட்டர் பழுது பார்க்கிறவன். மேலேயிருந்து அரிசி ஒரு சரிவில் வழுக்கி மெல்லிய திரையாக விழும், விழுகிற வழியில் முன்னும் பின்னும் கமரா இருக்கும், கறுத்த அரிசி, பழுத்த அரிசி, கல் என்று ஏதாவது தென்பட்டால் கீழே வரிசையாக இருக்கிற சின்னஞ்சிறு வால்வுகளில் ஒன்று திறந்து மூடும். ஒரு பொட்டுக் காற்று அதை மட்டும் தட்டி மற்றப் பக்கத்தில் விழுத்தும். மில்லுக்குள் நின்றால் ஓயாமல் கேட்கிற ‘டிக் டிக் டிக்’ சத்தம் அதுதான். சிகரட் தொழிற்சாலையிலும் அடிப்படை இதுவே, வேகமும் பொருளும்தான் வேறு. அவனுக்கு அன்று சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இடையில் கணக்கு வரும், பயப்பட வேண்டாம், பெருக்கல் வகுத்தலுக்கு மேல் ஒன்றுமில்லை.

முதலில் சுளகு

அம்மா அரிசியில் கல் பொறுக்குவது எப்போதும் வாசல்படியில்தான். குசினிக்குள் லைட் இருந்தாலும் சுளகைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவா, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி திரும்பி உட்காருவா, சுளகை ஒரு ஆட்டு ஆட்டி அரிசியை ஒன்றன்மேல் ஒன்று கிடக்காமல் பரப்புவா. பிறகுதான் கண் ஓடும். சில நேரம் அரைவாசி கறுத்த அரிசி ஒன்றில் விரல் ஒரு கணம் நிற்கும், எடுப்பதா விடுவதா என்று. எடுப்பதென்றால் ஒரு சுண்டு.

பரப்புவது, வெளிச்சம் காட்டுவது, பார்ப்பது, தீர்மானிப்பது, எடுத்தெறிவது. தானாகப் பார்த்துத் தரம் பிரிக்கிற எந்த மெசினை எடுத்தாலும், அது கோடி ரூபாய் பெறுமதியானதாக இருந்தாலும், உள்ளே இந்த ஐந்து வேலைதான். கமரா வாங்கிப் பூட்டினால் சரி என்று நினைக்கிற முதலாளிமார் நடுவில் இருக்கிற ஒன்றை மட்டும் நினைக்கிறார்கள். இத்தனை வருசத்தில் கமரா பிழைவிட்டு நான் பார்த்தது குறைவு. வெளிச்சத்தில் பிழைக்கும், நேரக் கணக்கில் பிழைக்கும், எதைப் பழுது என்று சொல்வது என்கிற இடத்தில் எல்லாவற்றையும்விட அதிகமாகப் பிழைக்கும்.

கையை எடுத்தபோது கண்ணும் போனது

கையால் சிகரட் சுற்றிய காலத்தில் ஒரு ஆள் நிமிடத்துக்கு மூன்று நான்கு சுற்றினால் கெட்டிக்காரர். தனியாகத் தரம் பார்க்க ஆள் தேவைப்படவில்லை, சுற்றுகிற விரலே பார்த்துக்கொள்ளும். கடதாசி கிழிந்திருந்தால், தூள் குறைவாக இருந்தால் விரலுக்குத் தெரியும். பீடி சுற்றுகிறவர்களிடம் கேட்டால் இன்றைக்கும் இதைத்தான் சொல்வார்கள். பிறகு அமெரிக்காவில் வெர்ஜீனியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் பொன்சாக் என்ற இளைஞர் ஒரு மெசினைக் கட்டி 1881 இல் காப்புரிமை வாங்கினார். அது நிமிடத்துக்கு 200 அளவில் சுற்றியது. ஐம்பது பேரின் வேலை, ஆனால் ஐம்பது பேரின் கண் அதில் இல்லை.

அந்த மெசினின் யோசனை இன்றைக்கும் மாறவில்லை. நறுக்கிய புகையிலையை ஒரு முடிவில்லாத கடதாசிப் பட்டியின் மேல் பரப்பி, பட்டியின் இரு ஓரத்தையும் மடித்துப் பசை போட்டு ஒட்டினால் நீளமான ஒரே குழாய் வரும், அதைக் கத்தி துண்டு துண்டாக வெட்டும். பிறகு சேர்ந்தது ஃபில்டர். இரண்டு புகையிலைத் துண்டுகளை நேருக்கு நேர் வைத்து, நடுவில் இரட்டை நீளத்தில் ஒரு ஃபில்டரை வைத்து, மூன்றையும் கபில நிறக் கடதாசியால் சேர்த்துச் சுற்றி, நடுவில் வெட்டினால் இரண்டு சிகரட். ஜெர்மனியின் ஹம்பர்க் நகரத்து ஹௌனி போன்ற கம்பனிகள் செய்கிற வேகமான மெசின்கள் இன்று நிமிடத்துக்கு 20,000 வரை இதைச் செய்கின்றன. அறுபதால் வகுத்தால் செக்கனுக்கு 333. அதாவது ஒரு சிகரட்டுக்குக் கிடைக்கும் நேரம் 3 மில்லி செக்கன், ஒரு செக்கனை ஆயிரம் துண்டாக்கினால் அதில் மூன்று. நீங்கள் ஒருமுறை கண்ணை இமைத்துத் திறப்பதற்குள் முப்பதுக்கு மேல் போய்விடும்.

முன்பு என்ன செய்தார்கள்? மாதிரி எடுத்தார்கள். மணிக்கு ஒருதரம், அரை மணிக்கு ஒருதரம் ஒரு பிடி எடுத்து நிறுத்து, சுற்றளவு அளந்து, ஊதிப் பார்த்து எழுதிவைப்பது. இப்போதும் அது இருக்கிறது. ஆய்வுகூடத்துக்குப் போகிற மாதிரியை அளப்பதற்கு முன் 22 பாகை செல்சியஸ், 60 வீத ஈரப்பதன் என்ற சர்வதேச நியமத்தில் வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் புகையிலை காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். நம்மூர்க் கடற்கரைக் காற்றில் திறந்து வைத்த பெட்டி இரண்டு நாளில் பதப்பட்டுப் போவதை யாரும் பார்த்திருக்கலாம். சரி, மாதிரி எடுப்பதில் என்ன குறை? மெதுமெதுவாக மாறுகிற விசயங்களை அது நன்றாகப் பிடிக்கும். நிறை காலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டு போனால் தெரிந்துவிடும். ஆனால் எங்கோ ஒன்றில் மட்டும் பசைத்துளி தெறித்தது, ஒன்றில் மட்டும் புகையிலைக் காம்பு கடதாசியைக் குத்திக் கிழித்தது என்றால், நிமிடத்துக்குப் பத்தாயிரம் ஓடுகிற இடத்தில் அந்த ஒன்று உங்கள் பிடிக்குள் வருவது அதிர்ஷ்டம். அதனால்தான் எல்லாவற்றையும் பார்க்கவேண்டும் என்று ஆனது.

எல்லாவற்றையும் கமராதான் பார்க்கிறது என்றும் இல்லை. உள்ளே எவ்வளவு புகையிலை இருக்கிறது என்பதைக் கடதாசிக்கு மேலால் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு முன்பெல்லாம் ஸ்ட்ரோன்ஷியம் 90 என்ற கதிரியக்கப் பொருளின் பீட்டாக் கதிர் எவ்வளவு ஊடுருவி வருகிறது என்று அளந்தார்கள், இப்போது அந்த இடத்தை மைக்ரோவேவ் பிடித்துவிட்டது. ஓட்டை இருக்கிறதா என்பதற்குக் காற்றழுத்தம் பார்க்கிறார்கள். கமராவின் பங்கு வெளியே தெரிகிற பழுதுகள்: கறை, சுருக்கம், கிழிசல், விட்டுப்போன ஒட்டு, ஃபில்டரே இல்லாதது, கபிலக் கடதாசி கோணலாக ஒட்டியது, நுனியில் தூள் உதிர்ந்து குழியானது.

ரொட்டி மாதிரித் திருப்பிப் பார்ப்பது

அரிசி விழும்போது இரண்டு பக்கமும் பார்க்கலாம், அது அந்தரத்தில் இருக்கிறது. சிகரட்டை அப்படி விழவிட முடியாது. ஃபில்டர் பூட்டுகிற பகுதியில் அது உருளைகளில் பயணம் செய்கிறது. உருளையின் மேற்பரப்பில் குறுக்காகச் சின்னச் சின்னப் பள்ளங்கள், வரம்புக்கு வரம்பு வாய்க்கால் வெட்டியது போல. ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு சிகரட் கிடக்கும், உள்ளிருந்து காற்றை உறிஞ்சுவதால் விழாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அம்மா சுளகை ஆட்டிப் பரப்பினாவே, அந்த வேலையை இந்த உருளை செய்கிறது: ஒன்றையொன்று மறைக்காமல், சம இடைவெளியில், எப்போதும் ஒரே தூரத்தில்.

ஆனால் பள்ளத்துக்குள் கிடக்கிற பக்கம் கமராவுக்குத் தெரியாதே? அதற்காகத்தான் அடுத்த உருளை. ஒரு உருளையிலிருந்து பக்கத்து உருளைக்குத் தாவும்போது வெளியே தெரிந்த பக்கம் உள்ளே போகும், உள்ளே கிடந்த பக்கம் வெளியே வரும். ரொட்டியைத் திருப்பிப் போடுவது மாதிரி. முதல் உருளைக்கு ஒரு கமரா, இரண்டாவதற்கு இன்னொன்று. இரண்டும் சேர்ந்தால் ஒரு சிகரட்டின் சுற்றுவட்டம் பெரும்பாலும் வந்துவிடும், விளிம்புகளில்தான் கொஞ்சம் தெளிவு குறையும். எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்தது. பொருளைத் திருப்புவதற்கென்று புதிதாக ஒன்றும் செய்யவில்லை, எப்படியும் நடக்கிற ஒரு தாவலைப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

வெளிச்சம்

ஓடுகிற பஸ்சின் யன்னலால் ஃபோனில் படம் எடுத்தால் பக்கத்து வேலி கோடு கோடாக இழுபட்டு வரும். அதே பிரச்சினை இங்கேயும். உருளையின் மேற்பரப்பு செக்கனுக்கு 5 மீற்றர் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். கமரா 1 மில்லி செக்கன் கண்ணைத் திறந்து வைத்தால் அதற்குள் சிகரட் 5 மில்லிமீற்றர் நகர்ந்துவிடும். சிகரட்டின் விட்டமே 8 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு, பிறகு படத்தில் என்ன தெரியும், வெள்ளைப் பூச்சுத்தான். கண்ணைத் திறந்து வைப்பதை 10 மைக்ரோ செக்கனாக, அதாவது அதன் நூறில் ஒன்றாகக் குறைத்தால் நகர்வு 0.05 மில்லிமீற்றர். இப்போது படம் தெளிவு. ஆனால் அவ்வளவு சின்ன நேரத்துக்குள் போதிய வெளிச்சம் கிடைக்காது, அறையில் எரிகிற பல்ப் எல்லாம் அதற்குக் காணாது. அதனால் எல்ஈடி விளக்குகளைச் சரியாக அந்த 10 மைக்ரோ செக்கனுக்கு மட்டும் மிகக் கடுமையாக மின்ன விடுகிறார்கள், மின்னலில் உறைந்து நிற்கிற தென்னோலை மாதிரி சிகரட் உறைந்து நிற்கும். மின்னவேண்டிய கணத்தைச் சொல்வது உருளையின் அச்சில் பூட்டியிருக்கிற என்கோடர், அது எவ்வளவு சுற்றியிருக்கிறது என்பதை எண்ணிக்கொண்டே இருக்கும்.

வெளிச்சத்தின் அளவைவிட அது வருகிற திசை பெரிய விசயம். வெள்ளைக் கடதாசியில் எண்ணெய்க் கறை என்றால் நேராக அடித்தாலே தெரியும். வெள்ளைக் கடதாசியில் சுருக்கம் என்றால்? நேராக அடிக்கிற வெளிச்சத்தில் சுருக்கமும் வெள்ளை, சுற்றியிருப்பதும் வெள்ளை. நடுமத்தியானம் கல்லடிப் பாலத்தில் நின்று வாவியைப் பார்த்தால் தகடு மாதிரித் தெரியும், அதே இடத்தில் பின்னேரம் ஐந்தரைக்கு நின்று பாருங்கள், சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு சிற்றலையும் தனித்தனியே நிழலோடு தெரியும். தண்ணீர் மாறவில்லை, வெயில் படுத்துவிட்டது, அவ்வளவுதான். அதே மாதிரி விளக்கைப் படுக்கவைத்துப் பக்கவாட்டில் அடித்தால் சுருக்கத்தின் ஒரு பக்கம் மினுங்கும், மறு பக்கம் கறுக்கும். ஒரு பழுதைப் பிடிக்க முடியவில்லை என்று கமராவை மாற்றப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, விளக்கைக் கையில் எடுத்து நாலு திசையிலும் காட்டிப் பாருங்கள் என்பதுதான். அம்மா ஏன் வாசல்படியில் இருந்தா என்று எனக்கு விளங்கியதே இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு.

எவ்வளவு சின்னக் கறை வரை தெரியவேண்டும் என்பதும் வாங்குவதற்கு முன் போடவேண்டிய கணக்கு. வழக்கமான நீளச் சிகரட் ஒன்று 84 மில்லிமீற்றர். 0.1 மில்லிமீற்றருக்கு ஒரு பிக்சல் (படத்தின் ஒரு புள்ளி) என்றால் நீளத்துக்கு 840 பிக்சல் போதும், இன்றைய கமராவுக்கு அது ஒன்றுமேயில்லை. ஆனால் ஒரு பிக்சல் அளவு கறையை நம்பி முடிவெடுக்க முடியாது, அது தூசியாகவும் இருக்கலாம், கமரா தானாகவே போடுகிற பொய்ப்புள்ளியாகவும் இருக்கலாம். குறுக்காக மூன்று பிக்சலாவது பிடிக்கவேண்டும். அப்போது 0.3 மில்லிமீற்றருக்குக் கீழே உள்ளதை இந்தக் கமரா பார்க்காது என்று முதலிலேயே ஒத்துக்கொள்ள வேண்டும்.

எது பழுது?

படம் வந்துவிட்டது. கணினிக்கு அது எண்களின் கட்டம். ஒவ்வொரு பிக்சலுக்கும் 0 முதல் 255 வரை ஒரு எண், 0 கறுப்பு, 255 வெள்ளை. கடதாசி 200 அளவில் வரும் என்றால், 120க்குக் கீழே இருக்கிற பிக்சல்களை எண்ணு, ஒன்றோடொன்று ஒட்டியபடி பத்துக்கு மேல் இருந்தால் கழி என்று ஒரு விதி எழுதலாம். (இந்த எண்கள் உதாரணத்துக்கு நான் போட்டவை.) பழைய சோர்ட்டர்களில் நாங்கள் திருகிக் கூட்டிக் குறைப்பதும் இந்த 120 மாதிரியான ஒரு எல்லைக் கோட்டைத்தான். வெள்ளைப் பகுதிக்கு இது அழகாக வேலை செய்யும்.

ஃபில்டர்ப் பக்கம் வந்தால் சிக்கல். அதைச் சுற்றியிருக்கிற கபிலக் கடதாசி பெரும்பாலும் தக்கை மரம் போலத் தெரியும்படி அச்சடித்தது, அதாவது பார்க்கிற இடமெல்லாம் புள்ளி புள்ளியாக. கறை என்று நாம் சொல்லிக்கொடுத்த அதே உருவம் அங்கே அழகுக்காக அச்சிடப்பட்டிருக்கிறது! வெள்ளைக்கு எழுதிய விதியை அங்கே போட்டால் ஒவ்வொரு சிகரட்டும் பழுது. அதனால் படத்தை முதலில் பகுதி பகுதியாகப் பிரிப்பார்கள், புகையிலைப் பக்கத்துக்கு ஒரு விதி, கபிலப் பக்கத்துக்கு வேறு விதி, இரண்டும் சந்திக்கிற கோடு நேராக, சரியான இடத்தில் இருக்கிறதா என்பதற்கு இன்னொரு விதி. கபிலத்துக்குப் புள்ளியை எண்ணாமல், அது வழக்கமான புள்ளியைவிடப் பெரிதா, அடர்த்தி கூடவா என்று பார்க்கவேண்டும்.

இந்த இடத்தில்தான் பழக்கிப் படிப்பிக்கிற முறை, நியூரல் நெட்வேர்க் என்கிறார்களே அது, கைகொடுக்கிறது. விதி எழுதுவதற்குப் பதிலாக ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டி இது நல்லது, இது பழுது என்று பழக்குவது. கேட்க இலகு. ஆனால் நல்ல சிகரட்டின் படம் வேண்டிய அளவு கிடைக்கும், பழுதின் படம் கிடைக்காது, பழுது அரிது என்பதால்தானே அது பழுது. அதனால் சில இடங்களில் நல்லதை மட்டும் காட்டிப் பழக்குகிறார்கள். நல்லது எப்படியெல்லாம் இருக்கும் என்று அது ஊறிப்போனபின், அதற்குள் அடங்காத எது வந்தாலும் ‘இது எனக்குப் பழக்கமில்லை’ என்று கை தூக்கும். தெருவில் வருகிறவர் போகிறவர் எல்லோரையும் தெரிந்த நாய் வெளியாளைக் கண்டு குரைக்கிற மாதிரி. குரைக்கும், வந்தவர் கள்ளனா கல்யாணத் தரகரா என்று சொல்லாது.

இரண்டு முறைக்கும் பொதுவான நோய் ஒன்று உண்டு. பெரும்போகத்து நெல்லுக்குச் சரியாக வைத்த சோர்ட்டர் சிறுபோகத்து நெல் வந்ததும் தடுமாறும், நிறம் ஒரு நூல் மாறியிருக்கும். அதே மாதிரி கடதாசி றோல் மாறினால், அச்சின் நிறம் இம்மியளவு கூடினால், விளக்குக் கண்ணாடியில் புகையிலைத் தூசி படிந்தால் நேற்று நல்லது இன்று பழுதாகிவிடும். புதிதாக வந்தவர்களுக்கு நான் கொடுக்கிற முதல் ஆயுதம் மென்துணி. துடைத்துவிட்டுப் பேசு.

ஒரு பழுதுக்குப் பத்து நல்லது

பெயர் வேண்டாம், ஒரு மில்லில் முதலாளி சொன்னார், “தம்பி, ஒரு கறுப்பரிசிகூட வரக்கூடா.” நானும் அந்த எல்லைக் கோட்டை நன்றாக இறுக்கிவிட்டு வந்தேன். பின்னேரமே அழைப்பு வந்தது. போய்ப் பார்த்தால் ரிஜெக்ட் மூட்டை வாய்வரை நிரம்பியிருக்கிறது, கையைவிட்டு அள்ளினால் கையெல்லாம் வெள்ளை அரிசி. கறுப்பரிசி வரவில்லை என்பது உண்மை, நல்லதும் வரவில்லை. அவர் ஏசிய ஏச்சு இன்றைக்கும் காதில் நிற்கிறது, ஆனால் பிழை என்னுடையதுதான், இறுக்கினால் என்ன நடக்கும் என்று அவருக்கு முதலே சொல்லியிருக்கவேண்டும்.

சிகரட்டில் இதைக் கணக்காகப் பார்ப்போம். நிமிடத்துக்கு 10,000, ஷிப்ட் 8 மணித்தியாலம், மொத்தம் 48 இலட்சம். பத்தாயிரத்தில் ஒன்று பழுது என்று வைத்தால் ஷிப்டுக்கு 480 பழுது. மெசின் நூறு பழுதில் 99 ஐப் பிடிக்கிறது, நல்லது ஆயிரத்தில் ஒன்றை மட்டும் தவறாகக் கழிக்கிறது. கேட்பதற்கு எவ்வளவு நல்ல மெசின்! இப்போது ரிஜெக்ட் பெட்டியைத் திறந்து பாருங்கள். உண்மையான பழுது சுமார் 475. தவறாகக் கழித்த நல்லது சுமார் 4,800. அதாவது பெட்டியிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு பதினொன்றை எடுத்தால் ஒன்றுதான் பழுது, பத்தும் நல்லது. மெசின் மோசமில்லை, பழுது அவ்வளவு அரிது, நல்லது அவ்வளவு அதிகம், அதனால் ஆயிரத்தில் ஒன்று என்ற சின்னப் பிழையே மலையாகிவிடுகிறது. மருமகன் இதைக் கேட்டுவிட்டுக் கடதாசியில் தானே ஒருதரம் போட்டுப் பார்த்தான், நம்பவில்லை.

இது விளங்கினால்தான் விற்பனையாளர் ‘99 வீதம் சரி’ என்னும்போது திருப்பிக் கேட்கத் தோன்றும்: எந்த 99? பழுதைப் பிடிப்பதிலா, நல்லதை விடுவதிலா? இரண்டும் தராசின் இரண்டு தட்டு. கோட்டை இறுக்கினால் நல்லது போகும், தளர்த்தினால் பழுது தப்பும், இரண்டையும் ஒன்றாகக் குறைக்கவேண்டுமானால் கோட்டைத் தொடாமல் படத்தை நன்றாக்க வேண்டும், அதாவது மறுபடியும் வெளிச்சத்துக்கே வருகிறோம். சிகரட்டில் கழித்தது முழுதாகக் குப்பைக்குப் போவதில்லை, கடதாசியைக் கிழித்துப் புகையிலையை மீட்டுத் திரும்பச் சேர்ப்பார்கள், என்றாலும் ஃபில்டரும் கடதாசியும் வீண்.

பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி இந்த இடத்தில், “பழுதில்லாத சிகரட் எண்டு ஒண்டு இருக்கா?” என்று கேட்டா. நியாயமான கேள்வி. புகையிலையை விடாமல் பாவிப்பவர்களில் பாதிப்பேர் வரை அதனாலேயே சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்வது. தரக்கட்டுப்பாடு என்ற சொல்லில் இருக்கிற ‘தரம்’ நல்லது என்ற அர்த்தத்தில் வருவதில்லை. நினைத்த அளவில், நினைத்த தோற்றத்தில், ஒன்றைப்போல் ஒன்று இருக்கிறதா என்பது மட்டும்தான். கமராவைக் கேட்டால் அவ்வளவுதான் சொல்லும்.

சரியான ஆளைத் தட்டுவது

கமரா பார்க்கிற இடமும் காற்று ஊதுகிற இடமும் ஒன்றல்ல. கணினி யோசிக்கக் கொஞ்ச நேரம் வேண்டும், வால்வு திறக்கக் கொஞ்ச நேரம் வேண்டும், அதற்குள் பழுதான சிகரட் பல பள்ளங்கள் தாண்டிப் போயிருக்கும். அதனால் கணினி ஒரு வரிசையை நினைவில் வைத்திருக்கிறது, நல்லது, நல்லது, பழுது, நல்லது என்று. உருளை ஒரு பள்ளம் நகர நகர அந்த வரிசையும் ஒரு படி நகரும். ‘பழுது’ என்று குறித்த இடம் வால்வுக்கு முன்னால் வந்த கணத்தில் ஊது. நேரத்தை நம்பாமல் படியை எண்ணுவதன் வசதி என்னவென்றால் மெசின் வேகம் கூடினாலும் குறைந்தாலும் கணக்குப் பிசகாது.

பிசகினால் கதை கந்தல். ஒரு படி தள்ளிப் போனால் ஒவ்வொரு முறையும் பக்கத்து அப்பாவியைக் கழித்துவிட்டுப் பழுதை வழியனுப்பிவைக்கும், திரையில் எல்லாம் பச்சை, கழித்த எண்ணிக்கையும் சரி. அதனால் வேண்டுமென்றே பழுதாக்கிய சிலதை உள்ளே விட்டு அவை ரிஜெக்ட் பெட்டிக்குள் வருகின்றனவா என்று அடிக்கடி பார்க்கவேண்டும். நான் மில்லில் ஒரு பிடி அரிசிக்கு மார்க்கரால் கறுப்படித்து மேலே கொட்டி, கீழே எத்தனை வந்தது என்று எண்ணுவேன். ஆட்கள் சிரிப்பார்கள்.

கழித்ததின் கணக்கு இன்னொரு விதத்திலும் உதவும். கறை எங்கெங்கோ வந்தால் அது தற்செயல். சரியாகக் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு ஒருதரம் அதே இடத்தில் வந்தால், அந்த எண்ணிக்கைக்கு ஒருதரம் சுற்றுகிற ஏதோ ஒரு பாகத்தில் அழுக்கு ஒட்டியிருக்கிறது. எந்த உருளை என்று மெசினைத் திறக்காமலே சொல்லிவிடலாம். அடுத்தடுத்துப் பல பழுது வந்தால் மெசினையே நிறுத்திவிடும்படி வைப்பார்கள். நல்ல ஒப்பரேட்டர் ரிஜெக்ட் பெட்டியைக் குப்பையாகப் பார்க்கமாட்டார், வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரிப் பார்ப்பார்.

பெட்டியில் அடைக்கிற கட்டம் இதோடு ஒப்பிட்டால் இலகு. இருபது சிகரட் 7, 6, 7 என்று மூன்று வரிசையில் அடுக்கப்படும், நுனிப்பக்கம் பார்க்கிற கமரா இருபது வட்டமும் இருக்கிறதா, ஒன்று தலைகீழாகக் கிடக்கிறதா என்று எண்ணும். பிறகு உள்தாள், வெளிப்பெட்டி, மேலே சுற்றுகிற கண்ணாடித்தாள், அதைக் கிழிக்கிற நாடா. இலங்கையில் 2015 முதல் பெட்டியின் 80 வீதத்தில் நோயின் படத்தோடு எச்சரிக்கை இருக்கவேண்டும் என்பது சட்டம், அதனால் அச்சுப் பிசகு இங்கே அழகுப் பிரச்சினையாக மட்டும் நிற்காது. புற்றுநோய்ப் படம் கோணாமல் ஒட்டியிருக்கிறதா என்று கமரா வைத்துப் பார்க்கிற தொழில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

மருமகன் அன்று பின்னேரமே செய்துபார்க்க இறங்கிவிட்டான். வெள்ளைத் தாள், அதன்மேல் ஒரு பிடி சம்பா, நான் மில்லிலிருந்து கொண்டுவந்த கறுப்பரிசி பதினொன்று, மேலே கதிரையில் கட்டிவைத்த ஃபோன், மடிக்கணினியில் கறுத்த திட்டுகளை எண்ணுகிற பதினைந்து வரி நிரல். நீங்களும் செய்யலாம், காசு செலவில்லை. முதல்முறை ஓடவிட்டபோது விடை 1 என்று வந்தது. அவனுடைய தலை நிழல் தாளில் விழுந்து, அரிசி எல்லாம் சேர்ந்து ஒரே பெரிய கறுப்பரிசியாகிவிட்டது. விளக்கை இந்தப் பக்கம் வைத்தான், அந்தப் பக்கம் வைத்தான், 34 வந்தது, 6 வந்தது. கடைசியில் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வாசல்படிக்குப் போனான், நான் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே 12 வந்தது. எத்தனை தரம் எண்ணினாலும் கறுப்பரிசி பதினொன்றுதான், நிரலில் பிழை தேடி ஒரு மணித்தியாலம் போனது. பிறகு பார்த்தால் பன்னிரண்டாவது, தாளின் ஓரத்தில் அரிசியொன்றை இழுத்துக்கொண்டு போகிற எறும்பு.